விழுங்கச் சிரமப்படுபவருக்கு வீட்டில் ஊட்டும் முறை

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படும் பலருக்குத் தண்ணீர்தான் பெரிய ஆபத்து. தொண்டை மூச்சுக்குழலை மூடுவதற்குள் அது ஓடி இறங்கிவிடும். குடிக்கும்போது இருமல், குடித்தபின் கரகரவென்று சளி கட்டிய குரல், அடிக்கடி காய்ச்சல் ஆகியவற்றைக் கவனியுங்கள். சிலருக்கு இருமலே வராமலும் உள்ளே போகும்.

நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகுக்கு அண்டை கொடுங்கள். பாதம் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து வாங்குவார், மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். அதனால் எதிரே, அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் ஊட்டவே கூடாது.

ஒரு வாய்க்கு அரை டீஸ்பூன் போதும். கரண்டியை நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி நேராக வெளியே இழுங்கள். குரல்வளை மேலேறி இறங்கிய பிறகே அடுத்த வாய். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தால் நல்ல பக்கத்தில் வையுங்கள். மற்ற கன்னத்தில் உணவு தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பானத்தைக் கெட்டியாக்கச் சிகிச்சையாளர் சொல்லியிருந்தால் கண்ணளவை நம்பாதீர்கள். 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று போதும். 0 முதல் 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்க வேண்டும். ஊசியையும் தண்டையும் கழற்றி, நுனியை விரலால் அடைத்து 10 மி.லி. வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 விநாடியில் மீண்டும் அடையுங்கள். 1–4 மி.லி. மிஞ்சினால் மிக லேசான கெட்டி, 4–8 என்றால் லேசான கெட்டி, 8-க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது வழிந்திருந்தால் நடுத்தரக் கெட்டி. சிகிச்சையாளர் சொன்ன கெட்டி வரும்போது, கெட்டியாக்க எவ்வளவு மாவு கலந்தீர்கள் என்று எழுதிவையுங்கள். மாவுச்சத்தில் கெட்டியாக்கிய பானத்தை எச்சில் நீர்க்கச் செய்துவிடும்; வாயில் வைத்த கரண்டியை டம்ளருக்குள் விடாதீர்கள். கெட்டிப் பானத்தைப் பலர் குறைவாகவே குடிப்பார்கள். சிறுநீர் அடர்மஞ்சளானால் நீர் போதவில்லை.

திட உணவைப் பெரியவர்களுக்கு 4 மி.மீ. துண்டுகளாக மசியுங்கள், முள்கரண்டியின் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். நீர்த்த குழம்பில் மிதக்கும் துண்டுகள் மோசமானவை: வாய் துண்டை மெல்லும்போதே நீர் தொண்டைக்குப் போய்விடும்.

சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். பல்லையும் நாக்கையும் தினமும் இருமுறையாவது துலக்கிவிடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாயிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். மாத்திரையை மருந்தாளரைக் கேட்காமல் பொடிக்காதீர்கள்.

புரையேறினால் இருமட்டும், தண்ணீர் கொடுக்காதீர்கள். இருமவோ பேசவோ முடியாவிட்டால் முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை ஓங்கித் தட்டுங்கள். போகாவிட்டால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்தபடியே உதவிக்கு ஆள் அனுப்புங்கள். திடீரென விழுங்க முடியாமல் போனாலோ, சொந்த எச்சிலே இறங்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.