பங்காளிகள் சேர்ந்து நடத்தும் மாந்தோப்பும் பேக்கிங் கொட்டகையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி பக்கம் எங்கள் மாந்தோப்பு. ஐயா (தாத்தா) வைத்த மரங்களில் பாதிக்கு மேல் இன்னும் காய்க்கின்றன. அப்பச்சியும் (அப்பா) சித்தப்பாவும் தோப்பை ஒட்டிக் கொட்டகை போட்டு, பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். இப்போது எங்கள் தலைமுறையில் மூன்று பேர் பார்க்கிறோம். பூச்சிக்கும் நோய்க்கும் வேளாண் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். குடும்பத் தோப்புகள் பெரும்பாலும் கணக்கில்தான் படுக்கின்றன. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்பார்கள். ஒரே வீடு, ஒரே வளவு. ஆனால் அடுப்பும் அரிசியும் வரவு செலவும் அவரவர்க்குத் தனி. ஒரு கூரையின் கீழ் இத்தனை புள்ளிகள் (கல்யாணமான குடும்பங்கள்) மனக்கசப்பில்லாமல் இருக்க முடிந்ததற்கு அந்த ஏற்பாடு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வீட்டில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம் தோப்பில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தோப்பு வரவில் கொட்டகைக்கு டீசல் போடுவது, கொட்டகைப் பணத்தில் வீட்டுக்கு வண்டித் தவணை கட்டுவது, இதுதான் முதல் தவறு.

தோப்பு, கொட்டகை, வீடு என்று மூன்றையும் வேறு வையுங்கள். கொட்டகை தோப்பிடமிருந்து பழம் வாங்குவதாக, அன்றைய மண்டி விலைக்குச் சீட்டு எழுதுங்கள். நம் பழத்தை நாமே வாங்குவதா என்று எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். எழுதிப் பார்த்த முதல் வருஷமே உண்மை தெரிந்துவிட்டது. லாபம் முழுக்கத் தோப்பினுடையது. கொட்டகை பெட்டி, வைக்கோல், ராத்திரிக் கூலி என்று அதைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த வருஷம் அட்டைப்பெட்டியைக் குறைத்து, திரும்பி வரும் பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாறினோம்.

இதில் வரி விஷயமும் இருக்கிறது. சொந்த நிலத்தில் விளைந்ததை விற்றால் அது விவசாய வருமானம், அதற்கு வருமான வரி கிடையாது. பக்கத்துத் தோப்புப் பழத்தையும் வாங்கிப் பெட்டி போட்டு விற்றால் அது வியாபார வருமானம். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதி வைத்தால் எந்த ஆடிட்டராலும் பிரிக்க முடியாது. அப்படி வாங்கி விற்க ஆரம்பித்ததும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்ய வேண்டும். விவசாயிக்கு உள்ள விலக்கு வியாபாரிக்கு இல்லை.

அப்புறம் சம்பளம். நாள் முழுக்கக் கொட்டகையில் நிற்கும் தம்பிக்கும் சென்னையில் வேலை பார்க்கும் அண்ணனுக்கும் ஒரே பங்கு என்றால் அது நிலைக்காது. உழைப்புக்குச் சம்பளம் தனி, நிலத்துக்குப் பங்கு தனி. அந்தக் காலத்தில் செட்டிநாட்டார் பர்மா, மலேயாவில் நடத்திய வட்டிக் கடைகளுக்கு மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆளாளுக்குச் சம்பளம் பேசித்தான் அனுப்பினார்கள். அந்தப் பழக்கத்தை நாம் விட்டிருக்கக் கூடாது. ஆடியில் நீலம் மாம்பழம் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து ஐந்தொகை (வருஷக் கணக்கு முடிப்பு) போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் போனிலாவது இருக்கட்டும்.

பட்டாவைத் தள்ளிப் போடாதீர்கள். கூட்டுப்பட்டா நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கப் போனால் எல்லோர் கையெழுத்தும் கேட்பார்கள். கட்டிக்கொடுத்த பெண்களுக்குத் தோப்பில் பங்கு இல்லை என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்திலிருந்து பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை. அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் அதைத் திறக்க முடியாது. அக்கா தங்கைகளை ஐந்தொகைக்குக் கூப்பிடுவது மரியாதை மட்டுமல்ல, அது அவர்கள் உரிமை.

அவசரத்துக்குப் பூவிலேயே குத்தகைக்கு விடுவது இன்னொரு தவறு. கல்யாணச் செலவு வந்தால் கை அங்கேதான் போகும். குத்தகைக்காரருக்கு அந்த வருஷக் காய் மட்டும்தான் கணக்கு. விலை இருக்கும்போது பிஞ்சையும் இறக்குவார், கிளை ஒடிவது அவருக்குப் பெரிதில்லை. பங்காளிகளில் ஒருவர் தன் பங்கை மட்டும் இப்படி விட்டால் கொட்டகைக்கு வரும் பழமும் பாதியாகிவிடும்.

ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீரும் வந்தபின் எங்கள் தலைமுறை செய்த தவறு, மார்கழியில் தண்ணீர் விட்டது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மரம் கொஞ்சம் காய வேண்டும். அப்போதுதான் தையில் பூ வரும். நடுவில் தண்ணீர் கொடுத்தால் பூவுக்குப் பதில் கொழுந்து தள்ளும். காய் பட்டாணி அளவு வந்தபின் விட்டால் போதும். பூ விரிந்து நிற்கும்போது மருந்தும் அடிக்காதீர்கள். மகரந்தம் சேர்க்கும் ஈயும் தேனீயும் செத்துப்போகும்.

பறிப்புதான் கொட்டகைக்கு உயிர். துறட்டியால் இழுத்து, காம்பு ஒடியப் பிய்த்துக்கொண்டு வந்த ஒரு பங்கனப்பள்ளி மாங்காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பு ஒடிந்த இடத்தில் பால் பீச்சி, தோள் வழியாக வழிந்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பழுக்க ஆரம்பித்ததும் அதே தடத்தில் கறுப்புக் கோடு, கண்ணீர் வழிந்த மாதிரி. உள்ளே சதை நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் முதல் தரத்தில் போகாது. வலை கட்டிய துறட்டியால், விரல் நீளக் காம்பு விட்டுப் பறிக்கச் சொல்லுங்கள். கொட்டகையில் காம்பைக் கத்தரித்து, சாக்கின் மேல் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். பால் முழுக்க வடிந்தபின் கழுவுங்கள். இந்த வேலைக்குப் பழகின அம்மாக்கள் இரண்டு பேர் இருந்தால் வருஷா வருஷம் அவர்களையே கூப்பிடுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள்.

முற்றிவிட்டதா என்று சந்தேகமா? வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றிய காய் மூழ்கும், இளசு மிதக்கும். கரும்புள்ளி நோய் வராமல் இருக்க 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிஷம் முக்கி எடுக்கலாம். ஆனால் வெப்பமானி வைத்து அளக்க வேண்டும். கைச்சூட்டை நம்பினால் தோல் வெந்துவிடும். மிச்சப் பழத்தைக் காய்கறிக் குளிர்க்கிடங்கில் போடாதீர்கள். 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் மாங்காய் பழுக்காமல் தோல் சாம்பல் பூத்துப்போகும்.

காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கும் கார்பைட் கல்லைத் தொடவே தொடாதீர்கள். அதில் ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும். 2011 விதிகளின்படி அதற்குத் தடை. பழுக்க வைக்க எத்திலீன் வாயு அறைக்கு அனுமதி உண்டு, 100 பிபிஎம் வரை (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு). அறை கட்ட வசதி இல்லையென்றால் வைக்கோலில் மூடி வையுங்கள், இரண்டு நாள் கூட ஆகட்டும். பக்கத்துக் கொட்டகைக்காரர் சீக்கிரம் அனுப்புகிறாரே என்று வயிறு எரியும்தான். ஆனால் சாப்பிடுவது குழந்தைகள்.

கடைசியாக, மரங்களுக்கு நம்பர் போடுங்கள். எந்த மரம் என்ன ரகம், எது ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கிறது, எது எந்த ஒட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் பெரியவர்கள் தலையில்தான் இருக்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றி வந்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் ஆரம்பித்தது ஐயா படுக்கையில் விழுந்தபின். கிணற்றடியில் ஒரு மரம், எல்லாம் முடிந்தபின் ஆவணியில் நாலைந்து காய் காய்க்கும், நார் இல்லாத பழம், நல்ல மணம். என்ன ரகம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ரகம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, ஐயா வைத்தது என்று மட்டும் எழுதியிருக்கிறோம்.