தூரத்து விசுவாசிகளுக்காக ஜெபிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்கிலியால் கட்டப்பட்டிருந்த பவுல், எபேசு சபைக்கு ஒரு ஜெபக்குறிப்பு எழுதியனுப்பினார். என் விடுதலைக்காக ஜெபியுங்கள் என்று கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கேட்டதோ, சுவிசேஷத்தைத் தைரியமாய் அறிவிக்கத் தனக்கு வாக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்று (எபேசியர் 6:19, 20). கொலோசெயரிடம் கேட்டதும் கிட்டத்தட்ட அதுவே. வசனத்துக்கு வாசல் திறக்க வேண்டும், அதைப் பேசவேண்டிய விதமாய்ப் பேச வேண்டும் என்றார். சிறைக் கதவைப் பற்றி அந்த இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தை இல்லை.

மிஷனரிகளுக்காகவும் உலகமெங்கும் உள்ள விசுவாசிகளுக்காகவும் நாம் செய்யும் ஜெபத்தில் வருகிற பல தவறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காதுகொடுக்க மறந்துவிடுகிறோம்.

ஜெபக்கூட்டம் முடிகிற நேரத்தில், "உலகமெங்கும் நடக்கிற ஊழியங்களை ஆசீர்வதியும், மிஷனரிகளைக் காத்துக்கொள்ளும்" என்று ஒரே வரியில் பூமி முழுவதையும் சுற்றி வந்துவிடுகிற வழக்கம் பல சபைகளில் உண்டு. அந்த ஜெபத்தைக் கர்த்தர் தள்ளிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு முகமும் இல்லை, ஒரு ஊரும் இல்லை. அடுத்த வாரம் அதற்குப் பதில் வந்ததா என்று பார்க்கவும் வழியில்லை. பிற்பாடு இந்தியாவுக்கு மிஷனரியாக வந்த வில்லியம் கேரி, இங்கிலாந்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த நாட்களில், தாள்களை ஒட்டிப் பெரிய உலக வரைபடம் ஒன்றைத் தானே தயாரித்துச் சுவரில் மாட்டியிருந்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே அங்குள்ள மக்கள்தொகை, மதம் என்று தனக்குக் கிடைத்த விவரங்களையெல்லாம் குறித்து வைத்தார். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் 1727 ஆகஸ்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கணக்குப் பிரித்துக்கொண்டு தொடங்கிய சங்கிலி ஜெபம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது என்பார்கள். அவர்களும் வாரம் ஒருமுறை கூடி, வந்த கடிதங்களையும் செய்திகளையும் பகிர்ந்துகொண்டுதான் ஜெபித்தார்கள். ஐந்து வருடம் கழித்து அந்த ஊரிலிருந்தே இரண்டு பேர் கரீபியன் தீவுகளுக்கு மிஷனரிகளாகப் புறப்பட்டார்கள். உங்களால் எல்லா நாடுகளையும் தாங்க முடியாது. ஒரு நாடு, ஒரு குடும்பம், ஒரு மக்கள் கூட்டம் என்று எடுத்துக்கொண்டாலே போதும், ஆனால் அவர்களைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டு ஜெபியுங்கள்.

மிஷனரி என்றதும் காட்டுப்பாதையும் கொடிய வியாதியும் விரோதிகளும்தான் பலருக்கு மனதில் வருகிறது. அவர் எழுதும் ஜெபக்கடிதத்தைப் பொறுமையாக வாசித்தால் வேறு படம் தெரியும். விசா புதுப்பிக்கப்படுமா என்ற தவிப்பு இருக்கும். இரண்டு வருடமாகியும் நாக்கில் ஏறாத மொழி, பள்ளி மாறி மாறிச் சோர்ந்துபோன பிள்ளைகள், சொந்த ஊரில் தனியாக இருக்கும் வயதான பெற்றோர் என்று பட்டியல் போகும். சக ஊழியரோடு வரும் மனக்கசப்பு, பணித்தளத்தைவிட்டு ஆட்களைத் திரும்ப வைக்கிற முக்கியமான காரணங்களில் ஒன்று. அதை யாரும் விரித்து எழுத மாட்டார்கள். "எங்கள் குழுவின் ஒருமனதுக்காக ஜெபியுங்கள்" என்று கடைசியில் ஒற்றை வரியாக வரும். அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எண்ணிக்கையை எதிர்பார்ப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் பர்மாவுக்கு (இன்றைய மியான்மர்) போனார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819இல். நடுவில் ஆறு வருடம் மொழி படித்தார், மொழிபெயர்த்தார், பிறந்த குழந்தையை அடக்கம் செய்தார். அந்த ஆறு வருடத்தில் அவரை ஆதரித்தவர்கள் ஒவ்வொரு கடிதத்திலும் "எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்?" என்று மட்டும் தேடியிருந்தால் அவருக்காக ஜெபிக்க அவர்களிடம் எதுவுமே மிஞ்சியிருக்காது. நாம் எண்களைக் கேட்கக் கேட்க, எண்களை எழுத வேண்டிய நெருக்கடி ஊழியக்காரர் மேல் விழுகிறது. அது அவரையே கெடுக்கும்.

அடுத்தது, இன்று மிக வேகமாகப் பரவுகிற தவறு. 2007 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் தென்கொரியச் சபை ஒன்றைச் சேர்ந்த 23 பேரைத் தாலிபான்கள் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள், மற்ற 21 பேரும் ஆகஸ்ட் முடிவதற்குள் விடுவிக்கப்பட்டார்கள். இது நடந்த சம்பவம். ஆனால் அதற்குப் பிறகு வருடக்கணக்கில், "ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளை மதியம் மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்ற செய்தி உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த "நாளை" வரவேயில்லை. இந்தியாவில் ஒலிசபாங் என்ற மாகாணத்தில் 200 சபைகளைக் கொளுத்தப் போகிறார்கள் என்று இன்னொரு செய்தி பல நாடுகளில் பரவியது. அப்படி ஒரு மாகாணமே கிடையாது.

"பொய்யாக இருந்தாலும் ஜெபம்தானே செய்தோம், அதில் என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்பார்கள். நஷ்டம் உண்டு. நான்கு முறை பொய்க்காக அழுதவர் ஐந்தாவது முறை உண்மைச் செய்தி வரும்போது தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். ஒரு நாட்டின் மேலோ மதத்தாரின் மேலோ செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் அது பொய்ச்சாட்சி. அங்கேயே வாழ்கிற விசுவாசிகள்தான் அதற்கு விலை கொடுக்க நேரிடும். செய்தியில் தேதி இருக்கிறதா, ஊர் வரைபடத்தில் இருக்கிறதா, அந்தப் பகுதியில் ஊழியம் செய்கிற அமைப்பு எதுவும் இதைச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை நீங்கள் தனியே ஜெபிக்கலாம். அனுப்புவதை மட்டும் நிறுத்திவையுங்கள்.

உண்மைச் செய்தியைக் கையாள்வதில்தான் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். ஞாயிறு ஆராதனை நேரலையில் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, நம் சபைக் குடும்பம் இன்ன நாட்டில், இன்ன பட்டணத்தில், வெளியே ஆங்கில ஆசிரியர்களாக இருந்துகொண்டு ஊழியம் செய்கிறார்கள், போன மாதம் மூன்று பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று பெயர் சொல்லி ஜெபிக்கிறார். சபையார் மனமுருகி ஆமென் சொல்கிறார்கள். அந்தப் பதிவு யூடியூபில் அப்படியே கிடக்கும். எந்த மொழியில் பேசினாலும் தானாக மொழிபெயர்த்துத் தேடிப் பார்க்க இன்று வசதி இருக்கிறது. பிடிபட்டால் அந்த மிஷனரி குடும்பத்தைப் பெரும்பாலும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்த மூன்று பேர் எங்கே போவார்கள்? அவர்களுடைய வீடு, வேலை, சொந்தபந்தம் எல்லாம் அங்கேதான்.

அதனால் பொது ஜெபத்தில் முதலெழுத்து போதும், நாட்டின் பெயருக்குப் பதில் பகுதியைச் சொன்னால் போதும். கர்த்தருக்கு முழுப்பெயர் தெரியும். உள்ளூர் விசுவாசிகளின் முகம் தெரிகிற படத்தைச் சமூக வலைதளத்தில் போட வேண்டாம், மிஷனரியே அனுப்பியிருந்தாலும். "பகிர வேண்டாம்" என்று கடிதத்தில் எழுதியிருந்தால் அது நம் ஜெபக்குழுவுக்கும் பொருந்தும். பதில் எழுதும்போது மிஷனரி, ஊழியம், ஞானஸ்நானம் போன்ற சொற்களை எழுதலாமா என்று அவரிடமே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

துன்பப்படுகிற சபைக்காக ஜெபிக்கையில் நாம் இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். பாதுகாப்பை மட்டுமே கேட்பது ஒரு பக்கம். அதைப் பவுலின் ஜெபக்குறிப்பே திருத்திவிடுகிறது. மறுபக்கம், "உபத்திரவம் வந்தால்தான் சபை வளரும், அதனால் அது நிற்கும்படி ஜெபிக்கக் கூடாது" என்கிற பேச்சு. இதை வசதியாக இருக்கிறவர்கள் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கிறது. இரத்தசாட்சிகளின் இரத்தம் சபைக்கு வித்து என்ற கருத்தை எழுதிவைத்தவர் ஆதிச் சபையின் எழுத்தாளரான கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன். அந்தக் கார்த்தேஜ் இருந்த வட ஆப்பிரிக்காவில் செழித்திருந்த சபை பிற்கால நூற்றாண்டுகளில் ஏறக்குறைய மறைந்தே போனது. ஜப்பானில் 1614இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட பிறகு வெளிப்படையான சபை இல்லாமலே போயிற்று. மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் 1865இல் நாகசாகியில் வெளிப்படும் வரை இரண்டரை நூற்றாண்டு, போதகரும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக விசுவாசத்தைக் கடத்தினார்கள். அவர்களுடைய உறுதி பெரியது, அவர்கள் இழந்ததும் பெரியது. யூதேயாவிலுள்ள அவிசுவாசிகளுக்குத் தான் தப்புவிக்கப்படும்படி ஜெபிக்கச் சொன்னவரும் இதே பவுல்தான் (ரோமர் 15:31). விடுதலையையும் கேளுங்கள், தைரியத்தையும் கேளுங்கள். அவர்கள் இப்போது எதை முதலில் கேட்கிறார்களோ அதை முதலில் வையுங்கள்.

செய்தி ஓய்ந்ததும் ஜெபமும் ஓய்ந்துவிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைஜீரியாவின் தாப்சியில் 2018 பிப்ரவரியில் 110 பள்ளி மாணவிகள் கடத்தப்பட்டார்கள். அடுத்த மாதமே பெரும்பாலானோர் திரும்பினார்கள். தன் விசுவாசத்தை மறுதலிக்காத லேயா ஷரிபு என்ற 14 வயதுப் பெண்ணை மட்டும் விடவில்லை. உலகம் வேறு செய்திகளுக்குப் போய்விட்டது, அவருடைய பெற்றோர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். சரி, விடுதலையே கிடைத்துவிட்டால்? அப்போதும் ஜெபம் முடிவதில்லை. பாகிஸ்தானில் மத நிந்தனைக் குற்றச்சாட்டில் 2010இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபி 2018 அக்டோபரில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். ஆனால் சொந்த நாட்டில் வாழ முடியாமல் அடுத்த ஆண்டு வெளியேற வேண்டியிருந்தது. துருக்கியில் இரண்டு வருடம் காவலில் இருந்த போதகர் ஆண்ட்ரூ பிரன்சன், சிறையில் தன் மனம் உடைந்துபோனதையும் தேவனுடைய மௌனம் தன்னை வாட்டியதையும் பின்னர் மறைக்காமல் பேசினார். அவரை வீரராக மட்டும் கற்பனை செய்து ஜெபித்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கும். சிறையில் இருப்பவருடைய விசுவாசம் தளராதபடி, இரவில் தூக்கம் வரும்படி, மனைவி பிள்ளைகள் தாங்கப்படும்படி ஜெபிக்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

தூரத்து விசுவாசிகளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று மட்டும் நினைப்பதும் சரியில்லை. உலகக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் இன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும்தான் இருக்கிறார்கள். தென்கொரியா, பிரேசில், நைஜீரியா எல்லாம் மிஷனரிகளை அனுப்புகிற நாடுகள். 1950களின் தொடக்கத்தில் சீனாவைவிட்டு வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற்றப்பட்டபோது அங்குள்ள சபை அவ்வளவுதான் என்று பலர் பயந்தார்கள். அப்போது சுமார் 10 லட்சமாக இருந்த புராட்டஸ்டன்ட் விசுவாசிகள் பிறகு கோடிக்கணக்கில் பெருகினார்கள். அந்த வேலையைச் செய்தது உள்ளூர் விசுவாசிகள். போயிருக்கிற மிஷனரிக்காக ஜெபித்துவிட்டு, அவரோடு நிற்கிற உள்ளூர்ப் போதகரையும் மூப்பரையும் வீட்டைத் திறந்துகொடுத்த அம்மாவையும் விட்டுவிட்டால் ஜெபம் பாதியில் நிற்கிறது. எங்களுக்காகவும் ஜெபியுங்கள் என்று அவர்களிடம் கேட்கவும் வேண்டும்.

2015 பிப்ரவரியில் லிபியக் கடற்கரையில் 20 எகிப்தியக் கிறிஸ்தவர்களும் ஒரு கானா நாட்டவரும் ஐ.எஸ். தீவிரவாதிகளால் கொல்லப்பட்டார்கள். அதைக் கேட்டு எரிச்சலோடு, ஒரு இனத்தையே சபிக்கிற தொனியில் ஜெபித்தவர்கள் உண்டு. கொல்லப்பட்டவர்களில் இருவருடைய சகோதரர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசியபோது, கொலை செய்தவர்களின் கண்களைத் திறந்து அவர்களை இரட்சியும் என்று ஜெபித்தார். அவருக்காக ஜெபிக்கிறவர்கள் அவருடைய ஜெபத்துக்கு எதிராக ஜெபிக்கலாமா?

அப்புறம், நீங்கள் ஜெபிக்கிறவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். போன கடிதத்தில் கேட்டிருந்தீர்களே, மகனுடைய படிப்பு என்ன ஆயிற்று? இந்த மாதம் எதற்காக ஜெபிக்கட்டும்? இவ்வளவு போதும். கடிதம் எழுதியும் யாரும் வாசிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஊழியர்கள் அநேகர். பதில் வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்டு நெருக்க வேண்டாம். சில இடங்களில் பதில் எழுதுவதே அவர்களுக்கு ஆபத்து. கடைசியாக அவர்கள் கேட்டதையே அடுத்த கடிதம் வரும்வரை தொடர்ந்து ஜெபியுங்கள்.