எச்.பி.எல்.சி. காலம் (column) நெடுநாள் உழைக்க

எச்.பி.எல்.சி. என்பது கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஆய்வகக் கருவி, அந்தப் பிரிப்பு நடக்கும் குழாய்தான் காலம் (column). அதில் பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) ஓட்டி முடித்ததும் நேராக அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானுக்கு மாறவே மாறாதீர்கள், உப்பு உள்ளேயே படிந்து பிரஷர் எகிறிவிடும். 4.6 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. நீளமும் உள்ள சாதாரண சி18 (18 கார்பன் சங்கிலி பிணைத்த சிலிக்கா நிரப்பிய) குழாய் என்றால், 90 பங்கு தண்ணீர், 10 பங்கு மெத்தனால் கலவையை நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் அரை மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் மெத்தனாலைப் படிப்படியாகக் கூட்டிக் கழுவுங்கள்.

மதுரையில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிறார்கள் என்றால் முந்தைய மாலையே இதைச் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் பம்ப் பாதியில் நின்றால் பஃபர் உள்ளேயே தங்கிவிடும். நம்மூர் வெயிலுக்குப் பாஸ்பேட் பஃபரில் நூல் நூலாகப் பூஞ்சை மிதக்கும், அன்றன்றைக்குத் தயாரித்து 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். குழாயைக் கழற்றி வைக்கும்போது இரு முனைகளையும் இறுக்கி மூடுங்கள், உள்ளே காயக்கூடாது.