கூட்டு ஆராய்ச்சியில் கோட்டை விடும் இடங்கள்

சிப் தயாரிப்பு போன்ற துறையில் எல்லா ஆராய்ச்சியையும் ஒரே நிறுவனம் தன் கைக்காசில் செய்து முடிப்பது கஷ்டம். அதனால் போட்டியாளர்களே ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டி வருகிறது. அங்கே முதல் தவறு, எதைச் சேர்ந்து செய்வது என்று முடிவெடுக்கும்போதே நடந்துவிடுகிறது.

அமெரிக்காவின் செமாடெக் இதற்கு நல்ல பாடம். மெமரி சிப் சந்தையை ஜப்பானிடம் பறிகொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், 1987-இல், 14 அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. ஆஸ்டின் நகரில் ஆய்வுக்கூடம். ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர், அதில் பாதி அரசுப் பணம். முதல் தலைவர், இன்டெலைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ். சிப் செய்யும் முறையையே சேர்ந்து உருவாக்கலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சோறு போடும் ரகசியமே அதுதான். அதைப் போட்டியாளரிடம் யார் சொல்வார்? கடைசியில் பாதையை மாற்றி, எல்லாரும் விலைக்கு வாங்கும் இயந்திரங்களை மேம்படுத்துவதிலும், அவற்றைச் செய்து தரும் நிறுவனங்களைத் தூக்கிவிடுவதிலும் இறங்கினார்கள். அது பலன் தந்தது. 1996-க்குப் பிறகு அரசுப் பணம் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஜப்பான் இதை முன்பே புரிந்துகொண்டிருந்தது. 1976 முதல் 1980 வரை ஐந்து நிறுவனங்கள் நடத்திய விஎல்எஸ்ஐ (ஒரே சிப்பில் மிக ஏராளமான பாகங்களை அடக்கும் தொழில்நுட்பம்) திட்டத்தில், அடிப்படையானதும் எல்லாருக்கும் பொதுவானதுமான வேலை மட்டுமே கூட்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. மற்றதை அவரவர் இடத்திலேயே செய்துகொண்டார்கள்.

அடுத்தது ஒப்பந்தத்தின் சொற்கள். 'அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்' என்று ஆய்வாளர்கள் விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர், கண்டுபிடிப்புகளின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு 'மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்' என்று கையெழுத்திட்டிருந்தார். 1989-இல், டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கற்றுக்கொள்ள சீட்டஸ் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போனபோது இன்னொரு தாளை நீட்டினார்கள். அதில் 'இதன் மூலம் மாற்றித் தருகிறேன்' என்று இருந்தது. முன்னது வாக்குறுதி, பின்னது அந்தக் கணமே கைமாறும் உரிமை. சீட்டஸின் பிசிஆர் தொழிலைப் பிறகு ரோச் என்ற மருந்து நிறுவனம் வாங்கியது. அந்த ஆய்வாளருக்கும் பங்கு இருந்த எச்ஐவி பரிசோதனைக் காப்புரிமைகளுக்காக ரோச் மீது ஸ்டான்ஃபோர்டு தொடுத்த வழக்கு, 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றது. உங்கள் ஆள் இன்னொரு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறாரா? வரவேற்பறையில் நீட்டும் படிவத்தையும் படித்துவிட்டே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

'ஆளுக்குப் பாதி' என்று காப்புரிமையைக் கூட்டாக வைத்துக்கொள்வது நியாயமாகத்தான் தோன்றும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 50-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் அதைத் தாமே பயன்படுத்திக்கொள்ளலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் ஆளுக்கு உரிமம் தர மற்றவரின் சம்மதம் வேண்டும். தொழிற்சாலை உள்ள நிறுவனம் பொருளைச் செய்து விற்றுக்கொள்ளும்; தொழிற்சாலை இல்லாத கல்லூரி உரிமம் தரவும் முடியாமல் நிற்கும். அமெரிக்காவில் சம்மதம் இல்லாமலேயே உரிமம் தரலாம் என்பதால் அங்கே சிக்கல் வேறு மாதிரி. யார் எந்தத் துறையில் பயன்படுத்தலாம், யார் உரிமம் தரலாம், வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே மாநாட்டில் ஆய்வு முடிவைப் போஸ்டராக ஒட்டும் அவசரமும் ஆபத்துதான். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது; முதலில் வெளியிட்டுவிட்டால் காப்புரிமை கைநழுவிவிடும். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் போஸ்டரை ஒட்டுங்கள்.