நிலநடுக்கம் வந்த ஊருக்கு உதவப் போறீங்களா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி படிங்க

டிவில இடிஞ்ச வீட்டப் பாத்ததும் மனசு கேக்காது, உடனே கெளம்பிரலாம்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. 2015 ஏப்ரல் 25 நேபாளத்துல 7.8 அளவு நிலநடுக்கம் வந்தப்ப அந்த நாட்டுக்கு இருந்ததே காட்மாண்டுல ஒரே ஒரு இன்டர்நேஷனல் ஏர்போர்ட், அதுலயும் ஒத்த ரன்வே. நிவாரண பிளேனெல்லாம் எறங்க எடமில்லாம காத்துக் கெடந்துச்சு, சில நாள்ல ரன்வே சேதமாகி பெரிய பிளேன் எறங்கவே கூடாதுன்னுட்டாங்க. அந்த நெரிசல்ல மீட்பு பயிற்சி இல்லாத ஆள் போனா இன்னொரு வாய்க்கு சோறு தண்ணி தேடணும், அவ்ளோதான். மே 12 மறுபடி 7.3 வந்துச்சு, அதனால விரிசல் விட்ட வீட்டுக்குள்ள யார் கூப்பிட்டாலும் போகாதீங்க.

நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வேல வர்றது கேமரா எல்லாம் போனப்புறம்தான். இடிபாடு அள்றது, கல்லு பிரிக்கிறது, மண்ணு சொமக்குறது, இது மாசக்கணக்கா வருஷக்கணக்கா ஓடும். நேபாளம்னா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மட்டும் வேணாம், மழையில மலைப்பாதை சரியும்.

போற அமைப்புகிட்ட ஒரே கேள்வி கேளுங்க, இந்த வேலைய ஊர்க்காரங்க கேட்டாங்களா, அங்க முடிவெடுக்குறது யாரு? பதில் மழுப்பலா வந்தா விட்ருங்க. அநாத ஆசிரமத்துல ரெண்டு வாரம் புள்ளைங்களோட வெளையாடலாம்னு காசு கேட்டா கண்டிப்பா வேணாம், அப்படி இருக்குற புள்ளைங்கள்ல நெறைய பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்க. விசாவும் பாத்துக்கோங்க, நேபாளத்துல டூரிஸ்ட் விசால சம்பளமில்லாத வேலகூட செய்யக் கூடாது, எந்த விசா வேணும்னு அமைப்புகிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க.

கெளம்புறதுக்கு முன்னாடி டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசி. ஆணி ஏறாத பூட்ஸ், தோல் க்ளவுஸ், தூசிக்கு நல்ல மாஸ்க். பழைய துணி மூட்ட கட்டாதீங்க ப்ளீஸ், அத பிரிச்சு அடுக்கவே நாலு பேர் வேணும். காசா கொண்டு போய் அங்கயே வாங்குங்க, அந்த ஊர் கடையும் பொழைக்கும்.

அங்க போனா நீங்க சித்தாள், கொத்தனார் அவங்க. இது ஏன் முக்கியம்னா, வீடு போனவங்களுக்கு அரசாங்கம் குடுத்த 3 லட்சம் நேபாள ரூபா மூணு தவணையா வந்துச்சு, இஞ்சினியர் வந்து பாத்து ஓகே சொன்னாதான் அடுத்த தவணை. சுவத்த சுத்தி நிலநடுக்கம் தாங்குற பட்டை சரியா இல்லன்னா காசு நின்னுடும், நீங்க ஆர்வக்கோளாறுல ஒரு வரிசை கல்லு வச்சு அது கோணலானா நஷ்டம் அந்த குடும்பத்துக்கு. அதனால கல்லு எடுத்துக் குடுங்க, வைக்கிறத அவங்க வைக்கட்டும்.

மண்ணு சொமக்க டோகோன்னு ஒரு மூங்கில் கூடை, அதோட பட்டைய நெத்தியில மாட்டி பாரத்த முதுகுல தாங்குவாங்க. அறுவது வயசு அம்மா அத தூக்கிட்டு மேட்டுல ஏறுவாங்க, நாம பாதி நெரப்பினதுக்கே கழுத்து பிடிச்சுக்கும், வெக்கப்படாம அரைக் கூடையே கேளுங்க. இடிபாட்டுல நசுங்குன செம்பு, கிழிஞ்ச நோட்டு, போட்டோ எது வந்தாலும் குப்பைன்னு வீசாதீங்க, தனியா வச்சு வீட்டுக்காரங்ககிட்ட காட்டுங்க. அவங்க அதக் கையில வச்சுட்டு பேசாம உக்காந்தா நீங்களும் கொஞ்ச நேரம் மண்வெட்டிய கீழ வைங்க. போனையும் எடுக்காதீங்க.

வேல வெள்ளனவே ஆரம்பிச்சிரும், பத்து மணி வாக்குல தால் பாத், பருப்பும் சோறும். போதும்னு கையால மறைக்கலன்னா போட்டுக்கிட்டே இருப்பாங்க. அண்ணன அங்க தாய்னு கூப்பிடணும், நமக்கு மொதல்ல சிரிப்பு வரும், அக்கான்னா திதி. இந்த ரெண்டு வார்த்தையும் ஒரு நமஸ்தேயும் இருந்தா ஓட்டிரலாம்.

திரும்பும்போது பூட்ஸ், க்ளவுஸெல்லாம் யாருக்காவது அளவு சரியா இருக்கான்னு கேட்டு அங்கயே குடுத்துட்டு வாங்க.