ஓட்டு சதவீதத்தை வைத்துப் போடும் தப்புக் கணக்குகள்

2014 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்கப் பதிவான ஓட்டில் 4 சதவீதத்துக்கு மேல் வாங்கியது பகுஜன் சமாஜ் கட்சி. பாஜக, காங்கிரசுக்கு அடுத்து மூன்றாம் இடம். ஆனால் ஒரு எம்.பி.கூட இல்லை. அதே தேர்தலில் அகில இந்தியக் கணக்கில் அதிமுகவுக்கு 3.3 சதவீதம்தான், ஜெயித்தது 37 இடம்.

சதவீதத்தைப் பார்த்ததும் கட்சியின் பலத்தை எடைபோடுவது எல்லோரும் செய்கிற தவறு. தொகுதியில் மற்ற வேட்பாளர்களைவிட ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலே ஜெயிப்பு என்பதுதான் நம் முறை. அதனால் எவ்வளவு ஓட்டு என்பதோடு, அது எங்கே விழுந்தது, எதிர் ஓட்டு எத்தனையாகப் பிரிந்தது என்றும் பார்க்க வேண்டும். அதிமுகவின் ஓட்டு தமிழ்நாட்டுக்குள்ளேயே குவிந்திருந்தது. எதிரே திமுக அணி, பாஜக அணி, காங்கிரஸ், இடதுசாரிகள் எனத் தனித்தனியாக நின்றார்கள். பகுஜன் சமாஜ் தலைவர் மாயாவதிக்கோ உத்தரப் பிரதேசத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் கிடைத்தும், முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளில் இரண்டாம் இடத்தோடு நின்றுபோனது.

இதைவிட நுணுக்கமான தவறு ஒன்று உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக சுமார் 41 சதவீதம், திமுக சுமார் 32. ‘ஒன்பது சதவீத வித்தியாசத்தில் திமுக தோற்றது’ என்று சிலர் இன்னமும் எழுதுகிறார்கள். இரட்டை இலை எல்லாத் தொகுதியிலும் நின்றது. உதயசூரியன் அப்படி நிற்கவில்லை. காங்கிரசுக்கு மட்டுமே 41 தொகுதிகள் போயிருந்தன. காங்கிரசின் ஆறரை சதவீதத்தையும் மற்ற தோழமைக் கட்சிகளின் ஓட்டையும் சேர்த்துப் பாருங்கள், இடைவெளி ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். முடிவுகள் வரும் நாளில் சுற்றுக்கு விடப்படும் வட்டப் படங்களில் யார் எத்தனை தொகுதியில் நின்றார்கள் என்ற விவரம் இருப்பதில்லை. அதைத் தேடிப் பார்க்காமல் இரண்டு கட்சிகளை ஒப்பிடாதீர்கள்.

சேர்க்க வேண்டும் என்றதும் தேர்தலுக்கு முன்பே சேர்த்துக் கூட்டிவிடுவது இன்னொரு வகை. உ.பி.யில் சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் இரண்டும் 2014இல் வாங்கிய ஓட்டைக் கூட்டினால் 42 சதவீதம். பாஜகவுக்குக் கிட்டத்தட்ட சமம். 2019இல் கூட்டணி போட்டார்கள். பாஜக ஏறத்தாழ 50 சதவீதத்துக்குப் போய் 62 இடம் பிடித்தது, கூட்டணிக்கு 15. தலைவர்கள் மேடையில் கைகோத்துவிட்டால் தொண்டர்களின் ஓட்டும் அப்படியே கைமாறும் என்று நம்புபவர்கள், பெரும்பாலும் கூட்டணிப் பேச்சுவார்த்தைக் குழுவில் இருப்பவர்கள்தான்.

மக்களவை முடிவைச் சட்டமன்றத் தொகுதிவாரியாகப் பிரித்து ‘அடுத்த ஆட்சி இவர்களுடையது’ என்பதும் ஆபத்து. 2019இல் ஒடிசா வாக்காளர்கள் ஒரே சாவடியில், ஒரே நாளில் இரண்டு இயந்திரத்தில் பொத்தான் அழுத்தினார்கள். மக்களவைக்கு பாஜகவுக்கு விழுந்த ஓட்டு, சட்டமன்றத்துக்கு விழுந்ததைவிடச் சுமார் ஆறு சதவீதம் அதிகம். மொத்தம் 21 மக்களவைத் தொகுதியில் 8 கிடைத்த கட்சிக்கு, எம்.எல்.ஏ.க்கள் 23 பேர்தான்.

எண்ணிக்கை நாளில் காலை ஒன்பது மணி நிலவரத்தை நம்பிப் பட்டாசு வாங்காதீர்கள். 2024 ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் காலையில் காங்கிரஸ் முன்னிலை. முடிவில் பாஜக 90க்கு 48. ஓட்டு வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை.

நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று வாட்ஸப்பில் வருவதும் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்குப் பொருந்தாது. அடுத்து வரும் வேட்பாளரே ஜெயித்தவர். மகாராஷ்டிரம், ஹரியானா போன்ற சில மாநிலங்களில் உள்ளாட்சித் தேர்தலுக்கு வேறு விதி இருப்பதால் வந்த குழப்பம் இது. 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவைத் திரும்பப் பெற, நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்து இரண்டாம் இடம் கிடைத்தது. டெபாசிட்டுக்குத் தேவையான ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போதும் இந்த ஓட்டுகளைச் சேர்ப்பதில்லை.