முத்திரை இருந்தால்தான் ஆவணமா? பல்கலைக்கழக அலுவலகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு துறை அலுவலகத்தின் பீரோவில் இரண்டு கட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் பதிவாளர் அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கைகள். எல்லாவற்றிலும் முத்திரை, கையெழுத்து. மற்றதில், முனைவர் பட்டச் சேர்க்கை நேர்காணலின்போது தேர்வாளர்கள் பென்சிலால் மதிப்பெண் போட்ட தாள்கள். இடம் போதவில்லை, ஒரு கட்டைக் கழிக்க வேண்டும் என்றால், பெரும்பாலும் கை பென்சில் தாள்கள் பக்கம்தான் போகும்.

அதுதான் முதல் தவறு. சுற்றறிக்கையின் மூலப்படி அதை வெளியிட்ட அலுவலகத்தில் இருக்கிறது. துறையில் இருப்பது பார்வைக்கு வைத்த நகல். பென்சில் தாள்களோ வேறெங்கும் கிடையாது. இடம் கிடைக்காதவர் காரணம் கேட்டால் எடுத்துக் காட்ட அவை மட்டுமே உண்டு. ஆவண மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 15489 என்ற சர்வதேசத் தரமும் (2001இல் வந்தது, 2016இல் திருத்தப்பட்டது) முத்திரையைப் பார்ப்பதில்லை. அலுவலின் போக்கில் உருவானதா அல்லது பெறப்பட்டதா, அந்த அலுவலுக்குச் சான்றாக வைக்கப்படுகிறதா என்றுதான் பார்க்கிறது.

அடுத்தது, ‘மெயில்தானே’ என்று விட்டுவிடுவது. ஆய்வேட்டைத் தர அவகாசம் கேட்ட மாணவருக்கு, நெறியாளர் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து “சரி, 15ஆம் தேதி வரை கொடுக்கலாம்” என்று ஒரு வரி அனுப்புகிறார். அது ஒரு முடிவு, எனவே ஆவணம். அதே பெட்டியில் உள்ள “3 மணிக்குக் கூட்டம், மறக்க வேண்டாம்” என்பது கூட்டம் முடிந்ததும் குப்பை. இரண்டும் மின்னஞ்சல்தான், செய்த வேலை வேறு. வாட்ஸ்அப் குழுவில் எடுத்த முடிவுக்கும் இதே கணக்குதான். அன்றைக்கே மாணவரின் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாதா என்பார்கள். அதில் அனுப்பியவர் முகவரியும் நேரமும் வெட்டுப்பட்டுப் போகலாம்; மின்னஞ்சலையே அப்படியே சேமிப்பது மேல். நெறியாளர் ஓய்வு பெற்ற பிறகு அவருடைய சொந்தப் பெட்டியை யார் திறப்பது?

வரைவுகள் கொஞ்சம் வழுக்கும் இடம். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘ஃபைனல் 3’ என்று கணினியில் கிடப்பவற்றில் எது ஏற்கப்பட்டது? கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, வழக்கமாக அடுத்த கூட்டத்தில் உறுதிசெய்யப்படும்வரை வரைவுதான். உறுதியானதும் அந்தப் படியே ஆவணம். வெறும் எழுத்துப்பிழை திருத்திய படிகளைக் கழிக்கலாம். ஆனால் ஒரு தேர்வு விதி ஏன் மாற்றப்பட்டது என்று கருத்துகள் எழுதிச் சுற்றுக்கு விட்ட வரைவை அவசரப்பட்டுக் கிழிக்கக் கூடாது. அந்தக் காரணம் இறுதிப்படியில் இருக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘எதற்கு வம்பு, எல்லாவற்றையும் வைத்துக்கொள்வோம்’ என்று இறங்குபவர்களும் உண்டு. அதுவும் தவறுதான். காலம் கடந்த விடைத்தாள்கள், மருத்துவச் சான்று நகல்கள் எல்லாம் பிறருடைய சொந்த விவரங்கள். வைத்திருக்கும்வரை காப்பதும் நம் பொறுப்பு. எதை எத்தனை ஆண்டு வைப்பது என்ற காலவரம்பு அட்டவணையைப் பார்த்து அழிக்கலாம். வழக்கோ தணிக்கையோ நடந்துகொண்டிருந்தால் மட்டும், காலம் முடிந்திருந்தாலும் கை வைக்கக் கூடாது.

அப்புறம், எதை, எந்த விதிப்படி, யார் ஒப்புதலோடு அழித்தோம் என்ற பட்டியலும் ஓர் ஆவணமே. பீரோவைக் காலி செய்யும் வேகத்தில் அதையும் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிடுவதுதான் வேடிக்கை.